சிக்னல் கிடாய்

ஆனைக்கரட்டுப் பள்ளத்தில் கருப்பணாருக்குப் பொங்கல் வைத்த அந்த வருசம், வாடகைக்கு வந்த டவர் வண்டியில் இருந்த சிக்னல் முழுவதும் மைனாவதியின் கிடாய்க்குள் போய்விட்டது. போனது போனதுதான். எப்படிப் போச்சு, ஏன் போச்சு என்று கேட்டுக்கொண்டு நிற்க அன்றைக்கு யாருக்கும் நேரமில்லை. கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம், வெயிலென்றால் அப்படியொரு வெயில், அதற்குள் கிடாய்க்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் பிடிக்கிற பாடே பெரும்பாடாக இருந்தது.

பள்ளத்தைச் சுற்றி நாலு பக்கமும் கரடு. பாறைமேல் பாறை ஏறி உட்கார்ந்திருக்கும் அந்தக் கரடுகளைத் தாண்டி எந்தக் கம்பெனி சிக்னலும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. முந்தின வருசம் நெரிசலில் ஒருத்தர் மயங்கி விழ, ஆம்புலன்சுக்கு போன் போட ஒருத்தன் போனைத் தூக்கிக்கொண்டு கரட்டின்மேல் ஓட, அவன் மேலே போய்ச் சேர்வதற்குள் கீழே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் இந்தத் தடவை போலீசில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள்: பள்ளத்துக்குள் போனும் நெட்டும் இருந்தால்தான் திருவிழா, இல்லையென்றால் கருப்பணாருக்கு வீட்டிலிருந்தே கும்பிடு போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படித்தான் அந்த டவர் வண்டி வந்தது. லாரி முதுகில் மடக்கி வைத்த கம்பம், ஒரு ஜெனரேட்டர், ஒரு பெட்டி நிறைய ஒயர், இவற்றோடு அருள்தாஸ் என்கிற நாகர்கோவில்காரர். மனிதர் விடிவதற்கு முன்னாலேயே வேலையை ஆரம்பித்துக் கம்பத்தைத் தூக்கி நிறுத்தி, நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, இடி இறங்கினால் மண்ணுக்குப் போகட்டும் என்று பக்கத்திலேயே எர்த் குழி தோண்டி, அடுப்புக்கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, நடுவில் ஓர் இரும்புக் குழாயை நட்டார். எல்லா ஊரிலும் எல்லா டவருக்கும் செய்கிற வேலைதான். ஆனால் கருப்பணார் கோயிலில் உடம்பில் மருவும் தேமலும் வந்தவர்கள் அரிவாளுக்கு முன்னால் உப்பும் மிளகும் கொட்டி வேண்டிக்கொள்வது வழக்கம் என்பதும், குழி தோண்டி உப்புக் கொட்டி இரும்பு நட்டால் இந்தச் சனம் அதை என்னவென்று நினைக்கும் என்பதும் அவருக்கு யார் சொல்வது? அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் குழாய்க்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாகிவிட்டது. வரிசை கட்டி வந்து உப்பைக் கொட்டுகிறார்கள். முழங்கால் உயரத்துக்குக் கல்லுப்பு, அதன்மேல் மிளகு.

"எக்கா, அது சாமி இல்ல, கரண்டு சம்பந்தப்பட்டது, தள்ளிப் போங்க" என்று அருள்தாஸ் கெஞ்சக் கெஞ்ச, "கரண்டும் சாமிதானுங்களே" என்று ஒரு அம்மாள் நிதானமாகச் சொல்லி, தன் பங்கு உப்பையும் கொட்டிவிட்டுப் போனாள்.

அந்த உப்பைத்தான் மைனாவதியின் கிடாய் தின்றது. வேப்பமரத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய், நக்க ஆரம்பித்து, மிளகு உறைத்ததால் ஒரு தும்மல் போட்டு, மறுபடி நக்கி, குழாய்வரைக்கும் சுத்தமாக வழித்துவிட்டுத் தலையைத் தூக்கியபோது, டவர் வண்டியில் பச்சை விளக்கு எரிந்தபடியே இருக்க, பள்ளத்தில் இருந்த அத்தனை போனிலும் சிக்னல் கோடு விழுந்து செத்தது. அதே நொடியில் கிடாயைப் பிடிக்க ஓடிவந்த மைனாவதியின் இடுப்பில் செருகியிருந்த போன் மட்டும் டிங் டிங்கென்று அடித்துக்கொண்டது.

அவள் கயிற்றை எடுப்பதற்கு முன்னால் போனை எடுத்தாள். திட்டாதீர்கள், அவள் நிலைமை அப்படி.

அவள் புருசன் செங்கோட்டுவேலு ரிக் வண்டிக்காரன். திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்கு ஓர் ஆள் போர்வெல் போடும் லாரியில் போவது வழக்கம். இவன் கடல் தாண்டி ஆப்பிரிக்காவில் ஒரு தேசத்துக்குப் போனான். போன இடத்தில் சண்டை மூண்டது. மாசி மாதத்தோடு போனும் நின்றது, பேச்சும் நின்றது. அழுது அழுது ஓய்ந்த ஒரு நாள், மைனாவதி பட்டியில் அப்போதுதான் பால் மறந்திருந்த இந்தக் கறுப்புக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கருப்பணார் முன்னால் நிறுத்தி, "அவரு குரலு என் காதுல உழுந்த அன்னைக்கே இது உனக்கு" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். பொய்ச் சத்தியம் செய்தவன் வாய் கோணிப்போகும் என்று வரப்புத் தகராறு முதல் கொலைவழக்குவரை அந்த அரிவாளுக்கு முன்னால்தான் கொண்டுவருவார்கள். அங்கே துணிந்து பொய் பேசின ஆள் இன்னும் பிறக்கவில்லை.

வேண்டிவிட்ட கிடாயை வேண்டுதல் நிறைவேறினாலும் நிறைவேறாவிட்டாலும் திருவிழாவுக்கு ஓட்டிக்கொண்டு வர வேண்டும். பூசாரி கேட்பார், "வேண்டுனது கெடைச்சுதா?" கிடைத்தது என்று வாயால் சொல்லி, மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கிடாயும் முதுகைச் சிலிர்த்து உதறினால் அதற்குத் துளுக்குக் கொடுத்தது என்று பேர், சாமி ஏற்றுக்கொண்டார், வெட்டிவிடுவார்கள். கிடைக்கவில்லை என்றாலும் தண்ணீர் தெளிப்பார்கள். கிடாய் துளுக்காமல் நின்றால் வீட்டுக்குத் திரும்ப ஓட்டிப் போகலாம். துளுக்கிவிட்டாலோ வேண்டியவள் பேச்சு எடுபடாது, கிடாயின் பேச்சுதான் பேச்சு.

ஆக, போனில் கோடு நிறைய ஏறியதும் மைனாவதி முதலில் பார்த்தது புருசனுக்குப் போன மெசேஜைத்தான். ஒற்றை டிக். மாசியிலிருந்து ஒற்றை டிக்.

அதற்குள் கிடாய்ப் பக்கத்தில்தான் சிக்னல் என்கிற விசயம் பள்ளம் முழுக்கப் பரவிவிட்டது. ஆச்சரியப்பட்டவர்கள் குறைவு, முண்டியடித்தவர்கள் அதிகம். பலூன்காரன் தன் கடையையே கிடாய்ப் பக்கம் நகர்த்திக்கொண்டான். வெளியூரில் இருக்கிற மருமகளுக்கு சாமியைக் காட்ட வேண்டும் என்று ஒரு குடும்பம் கிடாயை சாமிக்கு எதிரே ஓட்டச் சொல்லிக் கெஞ்சியது. "கிடாய்ப் பக்கம் நிக்கிறவங்க பேசி முடிச்சவொடனே ஒதுங்கிக்கங்க, மத்தவங்களும் மனுசங்கதான்" என்று மைக்கில் அறிவித்தார்கள். பந்தோபஸ்துக்கு வந்திருந்த எஸ்.ஐ. அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து கிடாயின் வால் பக்கம் போட்டு, அதையே கண்ட்ரோல் ரூமாக்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கிடாயின் குணமும் சனத்துக்குப் பிடிபட்டுவிட்டது: அசை போட்டால் படம் தெளிவாக ஓடும், கத்தினால் பேச்சு உடையும், படுத்துவிட்டால் எழுத்து மட்டும் போகும், உடம்பை உதறினால் எல்லாமே அறுந்து திரும்ப முதலில் இருந்து வர வேண்டும். அகத்திக்கீரை கொடுத்தால் நல்ல வேகம் என்று யாரோ சொல்ல, அகத்திக்கீரை மலையாகக் குவிந்தது.

அருள்தாஸ்தான் பாவம். கம்பத்தில் ஏறி இறங்கி, பெட்டியைப் பிரித்துப் பூட்டி, லேப்டாப்பில் பார்த்தால் டவர் நன்றாக வேலை செய்வதாகக் காட்டுகிறது. ஆனால் டவர் நிற்கிற இடம் மட்டும் அடிக்கொரு தரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் அவரும் விட்டுவிட்டார். ஒரு குடையை விரித்துக் கிடாயின் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, "சூடானா லைன் போயிரும்" என்று தொழில்முறையில் சொன்னார்.

வெயிலில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு வலி எடுத்ததும், எஸ்.ஐ. அம்மா கிடாயின் காதோரம் நின்று ஆம்புலன்சைக் கூப்பிட்டதும், வண்டி வந்து அவளை நல்லபடியாக ஏற்றிக்கொண்டு போனதும், அப்புறம் யாருக்குத்தான் அந்தக் கிடாயை வெட்ட மனசு வரும்? எஸ்.ஐ. அம்மா பூசாரியிடமே போய்க் கேட்டுவிட்டார்.

"சாமி, இந்த ஒண்ணை மட்டும் விட்டுருங்க. இது போச்சுன்னா நான் திருவிழாவ நிறுத்தணும்."

நல்லண்ணப் பூசாரி நெட்டை ஆள், பேச்சு குட்டை. "விடறதுக்கும் வெட்டறதுக்கும் நான் யாருங்கம்மா? அவ வாயி, கெடாயோட முதுகு. ரெண்டும் சொல்றதுதான். வேணும்னா வரிசையில கடைசியா வெச்சுக்கறேன்."

மைனாவதி கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் இன்னும் கேட்கவில்லை, அதனால் துளுக்காமல் நின்றால் கிடாய் இன்றைக்குத் தப்பிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்த கையோடு, குரல் கேட்காமலே இருக்கட்டும் என்றா நினைக்கிறாய் பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் குப்பண்ணன் ஓடிவந்தான். குப்பண்ணன் செங்கோட்டுவேலு வேலை பார்க்கும் ரிக் கம்பெனியின் மேனேஜர். அவனுக்கும் இதே கருப்பணார்தான் குலசாமி. கிடாய்ப் பக்கம் வந்து நின்றதுமே அவன் போனில் மெசேஜாகக் கொட்டியது. படித்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"அம்மிணி, பஸ் ஏற்பாடு பண்ணிட்டாங்க! அந்த ஊர்ல சிக்கியிருக்கற நம்ம ஆளுங்களையெல்லாம் ஏத்திக்கிட்டு எல்லையத் தாண்டறாங்க. பழைய பருத்தி மில்லுல நிக்குது. அங்க பொழுது உழுந்தா பொறப்பட்டுருமாம், அதுக்கப்புறம் ரோட்டையே அடைச்சுருவாங்களாம். மத்தவங்கெல்லாம் வந்துட்டாங்க. உங்க ஊட்டுக்காரரும் கூட ரெண்டு பேரும் எங்க பதுங்கியிருக்காங்கன்னுதான் யாருக்கும் தெரியல."

"உசுரோட இருக்காருங்களா?"

"இருக்காருன்னுதான் சொல்றாங்க. சேதி சேரணும், அவ்வளவுதான்."

மைனாவதி போனை வாயருகே வைத்து, "பருத்தி மில்லுக்கு வாங்க, பஸ் நிக்குது, பொழுது உழுகறதுக்குள்ள வாங்க" என்று பேசி அனுப்பினாள். ஒற்றை டிக். திரும்பப் பேசி அனுப்பினாள். ஒற்றை டிக். கிடாய்க்கு ஒரு கைப்பிடி அகத்திக்கீரை ஊட்டி, அதன் கழுத்தை அணைத்துக்கொண்டு, மூன்றாம் தடவையும் அனுப்பினாள். சுற்றி நின்ற சனம் தன் தன் பேச்சை நிறுத்திக்கொண்டது. லைனெல்லாம் இவளுக்கே இருக்கட்டும் என்று பலூன்காரன் தன் போனை அணைத்தான், அவனைப் பார்த்து அடுத்தவன் அணைத்தான். ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லோரும் அணைத்துவிட்டார்கள்.

பம்பை அடி மாறியது. வெட்டு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

பூசாரி வரிசையின் அந்தக் கோடியில் இருந்து வந்துகொண்டிருந்தார். இடது கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு, வலது கையில் வேப்பிலைக் கொத்து. பின்னால் வெட்டுக்காரர். ஒவ்வொரு கிடாய் முன்னாலும் நிற்பார், கேட்பார், தெளிப்பார்; கிடாய் துளுக்கும், சனம் குலவையிடும், அரிவாள் இறங்கும். கேட்பார், தெளிப்பார், துளுக்கும், இறங்கும். அந்தச் சத்தம் நெருங்க நெருங்க மைனாவதி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணைச் சிமிட்டினால் டிக் அழிந்துவிடும் போல.

பூசாரி பக்கத்துக் கிடாயை முடித்துவிட்டுத் திரும்பியபோது ஒற்றை டிக் இரட்டையானது. இரட்டை டிக் நீலமானது. போன் அடித்தது.

அவசரத்தில் அவள் ஸ்பீக்கரை அழுத்திவிட்டாள்.

"மைனா! ஏம்புள்ள, கேக்குதா?"

செங்கோட்டுவேலுவின் குரல். கரகரத்துப் போய், பசியில் மெலிந்துபோய், ஆனால் அதே குரல். 'ஏனுங்' என்று கூப்பிட வாயெடுத்தவள், நிமிர்ந்து பார்த்தால் எதிரே பூசாரி நிற்கிறார்.

"அம்மிணி, வேண்டுனது கெடைச்சுதா? அவன் குரலு கேட்டுதா?"

கேட்டது என்றால் கிடாய் போச்சு. கிடாய் போனால் லைன் போச்சு. லைன் போனால் அவன் பஸ் இருக்கிற இடம் தெரியாமல் அங்கேயே கிடப்பான். மெசேஜைப் பார்த்தான் சரி, புரிந்ததா, வழி தெரியுமா, ஒன்றும் தெரியாது. கேட்கவில்லை என்றாலோ, எதிரே கருப்பணாரின் அரிவாள்.

"கேக்குதா புள்ள? ஹலோ!"

"கேக்கலீங்க" என்றாள் மைனாவதி.

அதை அவள் பூசாரியைப் பார்த்துச் சொன்னாளா, போனில் சொன்னாளா, கருப்பணாருக்கே சொன்னாளா, இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. சொல்லி முடித்ததும் தாடை தானாக நடுங்கியது. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

"கேக்கலையா? சரி வெச்சுட்டு மறுபடி கூப்படறேன், சார்ஜ் வேற..."

"வெச்சறாதீங்க!" என்று அலறினாள். "எனக்குக் கேக்கல. ஆனா நான் பேசறது உங்களுக்குக் கேக்கும். அங்க பழைய பருத்தி மில்லுல பஸ் நிக்குது. உடனே போங்க."

"கேக்காம எப்படி புள்ள வெச்சறாதீங்கங்கற?"

"கேக்கலீங்க."

பூசாரி அவளைப் பார்த்தார். ஸ்பீக்கரில் செங்கோட்டுவேலு மூச்சுவிடுவது அவருக்கும்தான் கேட்டிருக்கும். திரும்பிச் சனத்தைப் பார்த்தார். "உங்களுக்கு யாருக்காச்சும் எதாச்சும் கேட்டுதா?"

"ஒண்ணும் கேக்கலீங்க" என்றான் குப்பண்ணன், அழுதுகொண்டே. "எனக்கும் கேக்கல" என்றான் பலூன்காரன். சத்தியத்துக்கு அஞ்சி வரப்பை விட்டுக்கொடுத்தவர்கள், பங்காளியிடம் தோற்றுப்போனவர்கள், அந்த அரிவாளுக்கு முன்னால் வாழ்நாளில் ஒரு பொய் பேசாதவர்கள், ஒவ்வொருத்தராகக் கேக்கல கேக்கல என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். எஸ்.ஐ. அம்மா தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "டிபார்ட்மெண்டுக்கும் கேக்கல சாமி" என்றார்.

"மில்லு பாலத்துக்கு இந்தாண்டயா அந்தாண்டயா?" என்று கத்தியது போன்.

குப்பண்ணன் கையால் காட்டினான். "கேக்கலீங்க" என்றாள் மைனாவதி. "ஒருவேளை நீங்க பாலத்துக்கு எந்தப் பக்கம்னு கேட்டிருந்தா, அந்தாண்ட."

பூசாரி பெருமூச்சு விட்டார். வாய் சொல்லிவிட்டது, இனி முதுகு சொல்ல வேண்டும். செம்பைச் சாய்த்து வேப்பிலையை நனைத்து, கிடாயின் முதுகில் மஞ்சள் தண்ணீரை நன்றாகவே தெளித்தார்.

தண்ணீர் பட்டால் உதறாத ஆடு உண்டா? குளிர்ந்த தண்ணீர் முதுகில் ஓடி, விலாவில் இறங்கி, வயிற்றில் சொட்டியது. தோல் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. அருள்தாஸ் குடையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கிடாய் நாலு காலையும் மண்ணில் ஊன்றி, கழுத்தை விறைத்து, அசை போடுவதைக்கூட நிறுத்திவிட்டு நின்றது. உதறவில்லை.

"அந்த மில்லா! அங்க நாங்கதான புள்ள போரு போட்டோம்! டேய் எந்திரிங்கடா, எந்திரிங்கடா!"

அதற்கப்புறம் ஓடுகிற சத்தம். போனை அணைக்காமலே ஓடுகிறான். செருப்புச் சத்தம், மூச்சிரைப்பு, எங்கோ படபடவென்று வெடி. பம்பைக்காரர்கள் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். அத்தனை சனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தங்களுக்குக் கேட்கவே கேட்காத அந்த ஓட்டத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது. கிடாயின் முழங்கால் ஆடத் தொடங்கியது. "இன்னுங் கொஞ்சம், என் ராசா, இன்னுங் கொஞ்சம்" என்று மைனாவதி அதன் நெற்றியில் நெற்றியை முட்டினாள். வெடி பக்கத்தில் கேட்டது. ஓட்டம் நின்றது. ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை. ஐயோ என்று அவள் மனசு விட்டுப்போன நேரம் மறுபடி ஓட்டம், ஓட்டம், பஸ் இன்ஜின் உறுமல், "ஏறுங்கடா, சீக்கிரம் ஏறுங்கடா" என்று நம்மூர்ப் பேச்சு.

"ஏறிட்டோம் புள்ள. மூணு பேரும் ஏறிட்டோம்." மூச்சு வாங்கினான். "அழுவறயா?"

"கேக்கலீங்க" என்று தேம்பினாள்.

"அழுவாத. வந்தர்றேன். கேக்குதோ கேக்கலையோ, வந்தர்றேன்."

சார்ஜ் தீர்ந்து அவன் போன் அணைந்தது.

பூசாரி அதுவரைக்கும் அசையாமல் நின்றவர், செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை மண்ணில் ஊற்றினார். "துளுக்கல. ஓட்டிட்டுப் போ" என்று சொல்லி முதுகைக் காட்டித் திரும்பினார். அவர் திரும்பின மாத்திரத்தில் கிடாய் தலை முதல் வால் வரை ஓர் உதறு உதறியது பாருங்கள், அவ்வளவு நேரம் அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து, சுற்றி நின்ற அத்தனை பேர்மேலும் மஞ்சள் தண்ணீர் தெறித்தது. எஸ்.ஐ. அம்மாவின் சட்டையில், குப்பண்ணனின் வேட்டியில், பூசாரியின் முதுகு முழுக்க. குலவையிட வாயெடுத்த ஒருத்தியின் வாயைப் பக்கத்தில் நின்றவள் பொத்தினாள். எல்லோரும் கரட்டைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், கிடாயை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

பூசாரி திரும்பவில்லை. முதுகைத் துடைக்கவும் இல்லை. கருப்பணாரைப் பார்த்தபடியே, பின்னால் நிற்கிறவளுக்குச் சொன்னார்.

"அம்மிணி, அடுத்த வருசம் கெடாய ஓட்டிட்டு வர்றப்ப, கயித்தப் புடிக்க அவனையே கூட்டிட்டு வா. சாமிக்கும் காது கேக்குதான்னு ஒருக்கா பாத்துக்கலாம்."

"கூட்டிட்டு வர்றனுங்க" என்றாள் மைனாவதி.